அம்மாவையும் மகளையும் அருவிக்குக் கூட்டிப் போகிறேன், வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வரும் ஞாயிறு மலைகளுக்கு நடுவே ஆறு ஓடும் பள்ளத்தாக்கு ஒன்றுக்குக் காரில் போய்விட்டு அன்றே திரும்புகிறோம். சாலையை ஒட்டி மூன்று அருவிகள். அம்மாவுக்கு 70 வயது, முட்டிவலி. மகளுக்கு 6 வயது, வளைவுகளில் குமட்டும்.

மூன்றையும் பார்க்க ஆசைதான். ஆனால் இருட்டுவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும். கடைசி அருவிக்கு முதலில் போய்விட்டு, திரும்பும்போது மற்றவற்றில் நிற்பது சரியா?

என் பெரிய பயம் தண்ணீர்தான். நாம் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும், மேலே மழை பெய்தால் சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேற வேண்டும் என்று தெரியும். கையில் குழந்தை, பக்கத்தில் வேகமாக நடக்க முடியாத அம்மா. கரையிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார வைப்பீர்கள்? அப்படி மாட்டி மீண்டவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

இன்னொன்று. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், ஏறிய கியரிலேயே இறங்கு என்று அப்பா சொல்லித் தந்தார். இப்போது இருப்பது ஆட்டோமேட்டிக் கார். அதில் கியரை ‘எல்’லில், அதாவது ‘லோ’ என்ற தாழ்ந்த கியரில், வைத்தால் போதுமா?

குமட்டலுக்கு மகளை முன்பக்கம் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. பின்சீட்டிலேயே சமாளிக்க வழி உண்டா?