கனடா செல்லும் நண்பரின் ‘போல் பைத்தன்’ பாம்பை ஏற்றுக்கொள்ளலாமா?

கடலோரவாசி:
வணக்கம். வெள்ளவத்தையில் எமது தொடர்மாடியின் மேல்தளத்தில் வசிக்கும் நண்பர் அடுத்த மாதம் குடும்பத்துடன் கனடா செல்லவிருப்பதால், தாம் நான்கு ஆண்டுகளாக வளர்த்துவரும் ‘போல் பைத்தன்’ (ball python) என்னும் வெளிநாட்டு மலைப்பாம்பைக் கண்ணாடிப் பெட்டியுடன் எனக்கு இலவசமாகத் தருவதாகக் கூறுகிறார். கையில் எடுத்தால் பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும் சாதுவான பிராணி அது. அவரும் அதனை வேறொருவரிடமிருந்தே வாங்கினாராம். பிறர் வளர்த்த பாம்பை ஏற்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

பழைய கடதாசி:
அம்மாவிடம் சொல்வதற்கு முன்னர் ஆவணங்களைக் கேளுங்கள். மேற்கு, மத்திய ஆபிரிக்காவுக்குரிய இவ்வினம், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. இலங்கை 1979 முதல் அதில் உறுப்பு நாடு. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமின்றி ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. நான்கு ஆண்டுகள் அன்பாக வளர்த்தார் என்பது ஆவணமாகாது. வெளிநாட்டுப் பாம்பு என்று சொல்லி நம் நாட்டு மலைப்பாம்பான வெங்கணாந்தியின் குட்டியைத் தள்ளிவிடுவோரும் இருக்கக்கூடும். அதுவோ இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம்.

தெஹிவளை வாசகர்:
மேலே சொன்னது சரியாக அமைந்தால் மட்டும் இதனைப் படியுங்கள். முதலில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள். நான் முன்பு ஒருவரிடமிருந்து பெற்ற பாம்பின் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கிடந்ததை அழுக்கென்று எண்ணிக் கழுவிவிட்டேன். அவை நீரில் மூழ்கிச் செத்த உண்ணிகள் என்பது, தாடைக்கடியிலும் கண்ணோரத்திலும் கரும்புள்ளிகள் நகர்வதைக் கண்ட பிறகே விளங்கியது. வாயைத் திறந்தபடி மூச்சுவிடுகிறதா, மூக்கில் குமிழ் வருகிறதா, கடந்த முறை உரித்த சட்டையின் சிறு துண்டு கண்மேல் ஒட்டியிருக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். கொழும்பின் ஈரப்பதன் அதற்கு ஒத்துவரும். இரவு முழுவதும் குளிரூட்டி ஓடும் அறைதான் ஆகாது.

கடைசியாக எப்போது, என்ன தின்றது என்பதையும் எழுதி வாங்குங்கள். இவ்வினம் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் உண்ணாதிருப்பதுண்டு. பழைய குறிப்பு இல்லாவிட்டால் அது நோயா, பழக்கமா என்று மிருக வைத்தியராலும் எளிதில் சொல்ல முடியாது. உறைந்த எலியை இளக வைத்துக் கொடுத்தால் தின்கிறதா என்று கேளுங்கள். உயிருள்ள எலி பாம்பையே கடித்துப் புண்ணாக்கிவிடும். வீட்டில் வேறு ஊர்வன இருந்தால் இரண்டு, மூன்று மாதங்கள் தனி அறையில் வையுங்கள். முப்பது ஆண்டுகள்கூட வாழும் பிராணி என்பதையும் மறக்க வேண்டாம். நீங்களும் ஒருநாள் கனடா போகலாம்.

பழைய கடதாசி:
ஒன்றைச் சேர்க்கிறேன். ஆவணம் இல்லையென்று தெரிந்ததும் அத்திடிய சதுப்புநிலப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம். அதன் உண்ணியும் நோயும் நம் பாம்புகளுக்குத் தொற்றக்கூடும்.

கடலோரவாசி:
நண்பரிடம் நேற்றிரவு கேட்டேன். அவரிடம் எந்தக் கடதாசியும் இல்லை, விற்றவரும் கொடுக்கவில்லையாம். திங்கட்கிழமை இருவரும் பத்தரமுல்லையிலுள்ள திணைக்களத்துக்கு நேரில் சென்று விடயத்தைச் சொல்வதென முடிவெடுத்துள்ளோம். அதுவரை பாம்பு மேல்தளத்திலேயே இருக்கும். கிண்ணத்தையும் பார்த்தேன், தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.