பெரிய வீட்டுக் குழு: செந்திலின் விலைப்புள்ளி

செந்தில்: அனைவருக்கும் வணக்கம். முன்னாள் படைவீரர்களுக்கான ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின், மருத்துவமனை ஒன்றின் உட்புறச் சுவர்களுக்கு வண்ணம் பூசும் வேலையை எனக்குத் துணை ஒப்பந்தமாகத் தர முதன்மை ஒப்பந்ததாரர் முன்வந்திருக்கிறார். நாளை மாலைக்குள் விலை சொல்ல வேண்டும். வீடுகளுக்குக் கணக்கிடும் வழக்கமான கூலியை வைத்து ஒரு தொகை போட்டிருக்கிறேன். மாலதி அக்கா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

கணேசன் மாமா: மிக்க மகிழ்ச்சி, மாப்பிள்ளை.

மாலதி: அந்தத் தொகையை அனுப்பிவிடாதே, செந்தில். ஃபெடரல் அரசின் கட்டட வேலையில் முதன்மை ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டிவிட்டால் வட்டாரத்தில் நடப்பிலுள்ள கூலிக்குக் குறையாமல் தரச் சொல்லும் 1931ஆம் ஆண்டின் டேவிஸ்-பேகன் சட்டம் பொருந்தும். அதன் கீழ் வரும் துணை ஒப்பந்தம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்கு விலக்கு இல்லை. அந்தக் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பெயிண்டருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தொழிலாளர் துறை வெளியிட்ட ஊதியப் பட்டியல் ஒப்பந்த ஆவணத்தோடு இணைந்திருக்கும். அதைப் பார்த்தாயா?

செந்தில்: இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை, அக்கா.

மாலதி: பட்டியலில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அடிப்படைக் கூலி, மற்றொன்று ஃபிரிஞ்ச் எனப்படும் சலுகைத் தொகை. எடுத்துக்காட்டாக, அடிப்படை 40 டாலர், ஃபிரிஞ்ச் 25 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு உன் கடமை 65 டாலர். ஃபிரிஞ்சை மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியத் திட்டம் ஆகியவற்றில் கட்டலாம், அல்லது கையில் பணமாகத் தரலாம். ஒரு தொழிலாளிக்காக நீ ஆண்டுக்கு 9,360 டாலர் காப்பீடு கட்டுகிறாய் என்றால், அதை அரசு வேலை, தனியார் வேலை என்று பாராமல் ஆண்டு முழுவதுக்குமான 2,080 மணி நேரத்தால் வகுக்க வேண்டும். ஃபிரிஞ்சில் மணிக்கு 4.50 டாலர்தான் கழியும். மீதி 20.50 டாலரை அவருக்குப் பணமாகத் தர வேண்டும். வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் அடிப்படைக் கூலி மட்டும் ஒன்றரை மடங்காகும். ஃபிரிஞ்ச் அதே 25தான். ஆகவே கூடுதல் நேரத்துக்கு மணிக்கு 85 டாலர்.

அறிவு: 60 + 25. சரி.

முருகேசன் சித்தப்பா: இவ்வளவு கூலி கொடுத்தால் செந்திலுக்கு என்ன மிஞ்சும்? ஆட்களைத் தனித்தனி ஒப்பந்தக்காரர்களாகக் காட்டி அவர்களுக்கான 1099 என்ற வரிப் படிவம் கொடுத்துவிட்டால் கூலிக் கணக்கே எழாது. இல்லையென்றால் இரண்டு பேரை உதவியாளர் என்று எழுதிக் குறைந்த கூலி கொடுக்கலாம்.

மாலதி: இரண்டும் செல்லாது, சித்தப்பா. ஒப்பந்ததாரருக்கோ துணை ஒப்பந்ததாரருக்கோ தொழிலாளியோடு எந்தவிதமான ஒப்பந்த உறவு இருப்பதாகச் சொல்லப்பட்டாலும், பணியிடத்தில் உடலுழைப்புச் செய்பவருக்கு அந்த ஊதியம் உண்டு என்று சட்டத்தின் வாசகமே சொல்கிறது. ஒருவர் எந்த வகைக்குள் வருவார் என்பதை நாம் எழுதும் பெயர் தீர்மானிக்காது. அவர் கையில் எந்தக் கருவி இருக்கிறது, எந்த வேலையைச் செய்கிறார் என்பதுதான் தீர்மானிக்கும். தூரிகையைப் பிடித்தவர் பெயிண்டர்.

முருகேசன் சித்தப்பா: நான் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன், மாலதி.

அம்மா: அந்த முப்பது வருடத்தில் இவர்கள் அப்பா வாங்கிய கூலியும் எனக்கு நினைவிருக்கிறது, தம்பி. அரசுக் கட்டட வேலை என்று சேர்ந்தார். வெள்ளிக்கிழமை காசோலை வாங்கி, அதில் ஒரு பகுதியை மேஸ்திரியின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கேட்க வேண்டாம், வேலை போய்விடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

முருகேசன் சித்தப்பா: அன்று நமக்கு வேறு வழி இல்லை, அண்ணி.

மாலதி: அதைத் தடுக்கத்தான் 1934இல் கோப்லேண்ட் சட்டம் வந்தது. கூலியின் ஒரு பகுதியைத் திருப்பி வாங்குவது குற்றம். வாரந்தோறும் யார், எந்த வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்று சான்றளித்த சம்பளப் பட்டியல் தர வேண்டும் என்பதும் அதிலிருந்து வந்ததே. டபிள்யூஎச்-347 என்ற படிவத்தை இதற்குப் பயன்படுத்தலாம். அதில் உள்ள உறுதிமொழியில் நீ கையெழுத்திடுகிறாய், செந்தில். பொய்யான பட்டியலில் கையெழுத்திட்டால் குற்ற வழக்கு வரும். அரசு ஒப்பந்தங்களிலிருந்து மூன்று ஆண்டுகள் விலக்கியும் வைக்கலாம்.

அறிவு: அலபாமாவிலிருந்து ஒரு ஒப்பந்ததாரர் ஆட்களை அழைத்துவந்து லாங் ஐலண்டில் படைவீரர் மருத்துவமனை கட்டியதைக் கண்டுதான் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பேகன் இந்த டேவிஸ்-பேகன் மசோதாவைக் கொண்டுவந்தார் என்று வகுப்பில் படித்தோம். வந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள் என்பதால், அவர்களை விலக்குவதற்காக வந்த சட்டம் என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது, அக்கா.

மாலதி: அந்த விவாதங்களில் அத்தகைய பேச்சு இருந்தது உண்மைதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இன்று எங்கிருந்து வந்தவரானாலும் அதே சுவருக்கு அதே கூலி என்று கேட்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. புதிதாக வந்தவர் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வார் என்பதை வைத்து ஒருவர் விலையைக் குறைத்து ஒப்பந்தத்தைப் பிடிக்க முடியாது. செந்தில், உன் திட்டமிடலிலும் ஆட்களின் திறமையிலும் போட்டியிடு, அவர்கள் கூலியில் போட்டியிடாதே என்பதுதான் நான் உனக்குச் சொல்ல விரும்புவது.

செந்தில்: எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் கொடுத்துத்தான் பழக்கம். அது போதுமா?

மாலதி: போதாது. வாரத்துக்கு ஒருமுறையாவது கொடுக்க வேண்டும். பணமாகத் தரும் ஃபிரிஞ்சுக்கும் சேர்த்துச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் எனும் முதியோர் மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கான வரிகளில் உன் பங்கு 7.65 சதவீதம் வரும். அதையும் விலையில் சேர்த்துக்கொள்.

கணேசன் மாமா: முதன்மை ஒப்பந்ததாரர் பணம் தர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை வாரக் கூலிக்குக் கைமுதல் வேண்டுமே.

செந்தில்: அதைத்தான் உங்களிடம் கேட்க நினைத்தேன், மாமா.

அம்மா: கடன் விஷயத்தை இங்கே எழுத வேண்டாம். தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள்.

செந்தில்: பட்டியலைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயிண்டர் என்ற தலைப்பின் கீழ் தூரிகை, உருளைக்கு ஒரு விகிதமும் தெளிப்பானுக்கு வேறொரு விகிதமும் இருக்கின்றன. என் ஆட்கள் இரண்டையும் செய்வார்கள்.

மாலதி: ஒவ்வொருவரும் எந்தக் கருவியோடு எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று அன்றன்றே எழுதிவைத்தால் அந்தந்த விகிதத்தில் கொடுக்கலாம். எழுதிவைக்காவிட்டால் முழு நேரத்துக்கும் அதிக விகிதத்தைத்தான் தர வேண்டியிருக்கும்.

முருகேசன் சித்தப்பா: நேரப் பதிவேட்டை வேண்டுமானால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா: மாலதி சொல்கிறபடி எழுதுவதானால் பாருங்கள், தம்பி.

மாலதி: அதைப் பிறகு முடிவு செய்வோம். செந்தில், புதிய தொகையை இரவுக்குள் எனக்கு அனுப்பு.

கணேசன் மாமா: அதைப் பார்த்த பிறகு என் சேமிப்பா, வங்கியா என்று சொல்கிறேன்.