மவுண்ட் செய்ததும் டைரக்டரி ரூட் பெயருக்குப் போய்விடுகிறது, ஏன்?

பாம்பன் கணக்கர்:
பாம்பனில் மீன் ஏலக்கூடம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன, நாட்டுப்படகு மீன்தான் வருகிறது. கிடைத்த ஓய்வில் பழைய கணக்குகளைத் தனி டிஸ்க்கில் சேர்க்கலாம் என்று லினக்ஸ் கணினியில் கைவைத்தேன். அங்கே பிடித்தது வினை.

'/ஏலம்' என்று டைரக்டரி உருவாக்கி, உரிமையாளரை மாற்றும் சௌன் (chown) கட்டளையால் என் பெயருக்கு மாற்றினேன். இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் புதிதாக ஃபார்மேட் செய்த டிஸ்க்கை அதில் மவுண்ட் செய்ததும், அதாவது அந்த டைரக்டரி வழியே திறக்கும்படி இணைத்ததும், உரிமையாளர் ரூட் (கணினியின் நிர்வாகி)! எனக்கு எழுத அனுமதி இல்லையாம். மவுண்டை எடுத்தால் மறுபடி என் பெயர். மூன்று தடவை பார்த்துவிட்டேன். உப்புக்காற்று கணினியின் மூளைக்கும் ஏறிவிட்டதா?

தொண்டிக்காரன்:
கணினி தெளிவாகத்தான் இருக்கிறது, அண்ணே. நீங்கள் தரையைக் கழுவிவிட்டு அதன்மேல் பாயை விரித்திருக்கிறீர்கள். மவுண்ட் செய்தபின் '/ஏலம்' காட்டுவது டிஸ்க்கின் சொந்த மூல டைரக்டரியை. அதன் உரிமையாளரும் அனுமதிகளும் அந்த டிஸ்க்கிலேயே, ஐநோட் என்ற விவரப் பதிவில் எழுதப்பட்டவை. மவுண்ட் செய்த நிலையிலேயே ஒருமுறை சௌன் செய்யுங்கள். டிஸ்க்கில் பதிந்துவிடும்; கணினியை அணைத்துப் போட்டாலும் மாறாது.

கீழக்கரை வாசகன்:
எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் இருக்கும் பென் டிரைவுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதில் உரிமையாளரை எழுதிவைக்க இடமே கிடையாது. மவுண்ட் செய்யும்போது தரும் யுஐடி (பயனர்), ஜிஐடி (குழு) எண்கள்தான் கணக்கு. அதையே இஎக்ஸ்டி4-க்குக் கொடுத்தால் மவுண்ட் ஆகாது. இன்னொன்று, டிஸ்க்கில் பதிவது பெயரல்ல, எண். உங்கள் கணினியில் 1000 நீங்கள் என்றால், இன்னொன்றில் அது வேறு யாராகவும் இருக்கலாம்.

பாம்பன் கணக்கர்:
சௌன் செய்தேன், எழுத முடிகிறது. நன்றி தம்பி. ஆனால் நேற்று இரவு உட்கார்ந்து எழுதிய நண்டுக் கணக்கைக் காணவில்லையே!

தொண்டிக்காரன்:
நேற்று எழுதும்போது டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்ததா? இல்லையென்றால் அது பாய்க்கு அடியில் கிடக்கிறது. மவுண்டை எடுத்து, கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, மறுபடி மவுண்ட் செய்து உள்ளே போடுங்கள். மவுண்ட் இல்லாத அந்த இடைவேளையிலேயே அடி டைரக்டரியை ரூட் பெயருக்கே திருப்பி, எழுத்து அனுமதியையும் எடுத்துவிடுங்கள். டிஸ்க் ஏறாத நாளில் கணக்குத் தவறான இடத்துக்குப் போகாமல் உடனே பிழை காட்டும்.

பாம்பன் கணக்கர்:
நண்டு அகப்பட்டது. முதல் நாள் நான் பெருமையாகச் செய்த சௌன்தான் அதை உள்ளே விட்டிருக்கிறது.