அணு ஒப்பந்தத்தை நிறுத்தியது சபையா?

மெரபேங்க்காரன்:
சாட்ஸ்வர்த் அக்கா நேற்று எழுதியது இது: "தென் ஆப்பிரிக்க அதிபராக இருந்த ஜூமாவின் அரசாங்கம் போட்ட அணு உலைத் திட்டத்தை 2017-இல் நிறுத்தியது சபை. சமாதானம், மனித உரிமை, சுற்றுச்சூழல் எதுவானாலும் இந்த நாட்டில் முன்னால் நின்றவர்கள் கிறிஸ்தவர்கள்தான்." படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. 2017 ஏப்ரல் 26-இல் கேப் டவுனில் அந்தத் திட்டத்தை நிறுத்தி மேற்கு கேப் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். முதல் மனுதாரர் எர்த்லைஃப் ஆப்பிரிக்கா, எந்த மதத்தோடும் சேராத சுற்றுச்சூழல் அமைப்பு. இரண்டாவது சாஃப்சி, தென் ஆப்பிரிக்காவின் பல மதத்துக்காரர்களும் சேர்ந்து நடத்துகிற சுற்றுச்சூழல் அமைப்பு. அதில் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு, யூதர் உண்டு, பஹாயும் உண்டு. சபை எங்கே வந்தது?

சாட்ஸ்வர்த் அக்கா:
தம்பி, சாஃப்சியை 2005-இல் ஆரம்பித்தவர் யார்? ஆங்கிலிக்கன் பிஷப் ஜெஃப் டேவிஸ். அவரைப் 'பச்சை பிஷப்' என்றே கூப்பிடுவார்கள். 9,600 மெகாவாட், ஒரு டிரில்லியன் ராண்டுக்குக் கிட்ட செலவு, ரஷ்யாவோடு ஒப்பந்தம், எல்லாம் திரைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது புதன்கிழமை தவறாமல் பாராளுமன்ற வாசலில் போய் நின்றவர்கள் சாஃப்சிக்காரர்கள். விசுவாசம் இல்லாதவன் அப்படி நிற்பானா?

மெரபேங்க்காரன்:
நிற்பான். எர்த்லைஃப்பைச் சேர்ந்த மக்கோமா லெக்கலக்கலா நின்றார். 2018-இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் பரிசை அவருக்கும் சாஃப்சியின் லிஸ் மெக்டெய்டுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஆரம்பித்தவர் பிஷப் என்பதால் அமைப்பு சபையுடையது ஆகிவிடுமா? ஜோகன்னஸ்பர்க்கில் ஜோசப் டோக் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1909-லேயே காந்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதற்காக சத்தியாக்கிரகம் பாப்டிஸ்ட் சபையுடையது என்று சொல்வீர்களா? அந்தச் சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போய் வந்து உயிரை விட்ட தில்லையாடி வள்ளியம்மையை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

உம்கேனி:
அண்ணா, வள்ளியம்மையை ஏன் இதில் இழுக்கிறீர்கள்? அக்கா முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. 1988-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கோட்சோ ஹவுஸுக்குக் குண்டு வைத்தது யார்? நிறவெறி அரசாங்கத்தின் போலீஸ்காரர்களே. அது தென் ஆப்பிரிக்க சபைகள் கவுன்சிலின் தலைமை அலுவலகம். சபை சும்மா உட்கார்ந்திருந்தால் குண்டு எதற்கு?

மெரபேங்க்காரன்:
அந்தக் கவுன்சிலுக்கு நான் தலை வணங்குகிறேன், பேராயர் டெஸ்மண்ட் துட்டுவுக்கும் வணங்குகிறேன். ஆனால் நிறவெறிக்கு பைபிளிலிருந்து வசனம் எடுத்துக் கொடுத்ததும் ஒரு சபைதான், டச்சு ரிஃபார்ம்ட் சபை. அதே சபையின் போதகர் பேயர்ஸ் நாடே அதை எதிர்த்தபோது அவருடைய பிரசங்க மேடையே போய்விட்டது. 1985-இல் வந்த கைரோஸ் அறிக்கையை அக்கா படித்திருக்கிறாரா? நியாயம் கிடைக்காத இடத்தில் ஒப்புரவு, ஒப்புரவு என்று பேசுகிற சபைகளை அந்த அறிக்கைதான் நேருக்கு நேராகக் கண்டித்தது. எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள். வாங்கிக் கட்டிக்கொண்டதும் சபை. அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன், 2017-இல் மனுதாரர் யார்?

சாட்ஸ்வர்த் அக்கா:
மனுதாரர், மனுதாரர்! டெனிஸ் ஹர்லி யார்? நம் டர்பனின் பேராயர். 1976-இல் இங்கே டயகோனியாவைத் தொடங்கி எத்தனையோ சபைகளை ஒன்றாகச் சேர்த்தவர். நமீபியாவில் நிறவெறி அரசாங்கத்தின் கூஃபூட் போலீஸ் படை செய்த அட்டூழியத்தைச் சொன்னதற்காக அவர் மேலேயே வழக்குப் போட்டார்கள், அது நிற்கவில்லை. பேராயர் ஒருவர் பேசினால் அது சபை பேசியது இல்லையா? அப்போது உங்கள் கோவில் கமிட்டி என்ன செய்துகொண்டிருந்தது, அதையும் கொஞ்சம் சொல்லுங்கள்.

மெரபேங்க்காரன்:
கோவிலுக்கு வந்துவிட்டீர்கள், வருவீர்கள் என்று தெரியும். 1984-இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனியாக மூன்று அவை வைத்த நிறவெறிப் பாராளுமன்றத்துக்கு நம்மை ஓட்டுப் போடக் கூப்பிட்டபோது, பதிவு செய்த இந்தியர்களில் ஐந்தில் ஒருவர்தான் போனார். போகாதவர்களில் கோவிலுக்குப் போகிறவர்கள் இல்லையா?

பேவியூ பிள்ளை:
ரொம்பப் பெருமைப்படாதீர்கள் அண்ணா. பூசை முடிந்ததும் தட்டு, பிளாஸ்டிக் மாலை, தேங்காய் மூடி எல்லாவற்றையும் ஆற்றிலும் கடற்கரையிலும் விட்டுவிட்டு வருகிறவர்கள் யார்? முதலில் அதைப் பேசுங்கள்.

உம்கேனி:
அதைப் பேசினால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே தெருவையே அதிர வைக்கிற ஸ்பீக்கர் பெட்டியையும் பேச வேண்டும், பிள்ளை.

பேவியூ பிள்ளை:
போன தீபாவளிக்கு நான் பட்டாசைப் பற்றி எழுதியபோதும் நீங்கள் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள். எனக்கு மறக்கவில்லை.

மெரபேங்க்காரன்:
பட்டாசு, ஸ்பீக்கர் எல்லாம் அப்புறம். எங்கள் பக்கத்து விஷயத்தைச் சொல்கிறேன். தெற்கு டர்பனில் எங்கள் மெரபேங்க் பிள்ளைகள் இரண்டு பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா எவ்வளவு அதிகம் என்று ஆராய்ச்சி செய்தே காட்டினார்கள். புகைக்கு எதிராகக் கையெழுத்து வாங்க ஒரு சபைக்குப் போனேன். "இது அரசியல், ஆலயத்துக்குள் வேண்டாம்" என்று போதகர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அன்று என்னோடு தெருத்தெருவாக வந்தவர்கள் ஒரு முஸ்லிம் டீச்சரும் பக்கத்து வென்ட்வொர்த்தைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க அம்மாவும். அந்த அம்மாவை சபை அனுப்பவில்லை, தானாகவே வந்தார். 2014-இல் கோல்ட்மேன் பரிசு வாங்கிய டெஸ்மண்ட் டி'சா தெற்கு டர்பனில் கட்டி எழுப்பிய கூட்டணியும் அப்படித்தான், எல்லாரும் கலந்தது. ஜெயித்த பிறகு வந்து "சபைதான் செய்தது" என்று பெயர் ஒட்டினால் அந்த டீச்சர் எங்கே போவார்?

சாட்ஸ்வர்த் அக்கா:
அந்த அம்மா தானாக வரவில்லை தம்பி. சின்ன வயதிலிருந்து ஜெபத்திலும் பூசையிலும் கேட்டதுதான் அவரை அனுப்பியது. சபை என்றால் கட்டடமும் போதகரும் மட்டும் என்று யார் சொன்னது? நிறவெறி அரசாங்கத்தைப் புறக்கணித்தது போல எண்ணெய், நிலக்கரிக் கம்பெனிகளையும் புறக்கணியுங்கள், அவற்றில் போட்ட பணத்தை எடுங்கள் என்று துட்டு 2014-லேயே சொன்னார். இறந்த பிறகும் உடலை நெருப்பில் எரிக்கவிடாமல், கார்பன் குறையட்டும் என்று தண்ணீர் முறையில் கரைக்கச் சொன்னவர் அவர். இதுவும் தனி ஆள் வேலையா?

மெரபேங்க்காரன்:
ஆமாம், துட்டு செய்தது. துட்டுவின் பெயரையே சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். நீங்கள் எழுதியது "சபை நிறுத்தியது" என்று. நீதிபதி போசலெக்கின் தீர்ப்பு, முதல் பக்கம், மனுதாரர்கள் இரண்டு பேர். முதல் பெயரைப் படித்துச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் அக்கா:
இரண்டாவது பெயரை நீங்கள் படியுங்கள்.

மெரபேங்க்காரன்:
படித்தேன். அதில் சபை என்று எங்கே இருக்கிறது?

பேவியூ பிள்ளை:
தேங்காய் மூடிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.