கிளிட்டர் நெயில் பாலிஷ் முழுசா உரிஞ்சு வருது, அவசரம்!

ஜிகினா_விரல்: ஞாயித்துக்கிழமை அக்காவுக்கு நிச்சயதார்த்தம். கிளிட்டர் பாலிஷ் போட்டா மறுநாளே தகடு மாதிரி நகத்தைவிட்டு மொத்தமா கழண்டு வந்துடுது. நல்ல பாலிஷ்தான், புதுசு. ஏன் இப்படி ஆகுது? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

வண்ணக்குப்பி: ஜெல் பாலிஷா, சாதாவா? லேம்ப் வெளிச்சத்துல கையை வெச்சு இறுக வைக்கிறீங்களா? எத்தனை கோட்? அடியில என்ன போட்டீங்க? ஒண்ணுமே சொல்லலையே.

தேங்காயெண்ணெய்: தலைக்கு எண்ணெய் தேய்ச்ச கையோட போட்டிருப்பீங்க. நகத்துல எண்ணெய்ப் பசை இருந்தா எந்தப் பாலிஷும் பிடிக்காது. போடறதுக்கு முன்னாடி பஞ்சுல ரிமூவர் தொட்டு ஒவ்வொரு நகமா துடைங்க. அப்புறம் விரல் படக்கூடாது.

மருதாணி_கட்சி: எண்ணெய்னா அங்கங்கதான் பேரும். வெந்நீர்ல கை ஊறவெச்சீங்களா? நகம் தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். மேல இருக்கிற பாலிஷ் கூடவே சுருங்காதே, அதான் விட்டுடும். ஊறவெச்சா ஒரு மணி நேரம் கழிச்சுப் போடுங்க.

பழைய_உறுப்பினர்: இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ இழை கிடக்கிறது. தேடிப் படிக்கிற பழக்கமே போய்விட்டது. சரி, கேட்டுக்கொள்ளுங்கள். கிளிட்டர் என்பது தெளிவான பாலிஷில் மிதக்கும் பிளாஸ்டிக் துணுக்கு. பிரஷால் இழுத்தால் துணுக்கு ஓரத்துக்கு ஓடும், நடுவில் வெறும் பசைதான் நிற்கும். அதனால்தான் எல்லோரும் கோட் மேல் கோட்டாகத் தடவிக் கனமாக்குகிறார்கள். மேக்கப் ஸ்பாஞ்சில் சின்னத் துண்டு வெட்டி, அதில் பாலிஷைத் தடவி நகத்தில் ஒற்றுங்கள். திரவத்தை ஸ்பாஞ்ச் உறிஞ்சிக்கொள்ளும், ஜிகினா மட்டும் அடர்த்தியாக இறங்கும். ஓரத் தோலில் படக்கூடாது. பட்டால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

குட்டிபாட்டில்: பாலிஷ் கெட்டியாகி இருந்தாலும் உரியும். ரெண்டு சொட்டு ரிமூவர் விட்டுக் குலுக்குங்க, இளகிடும்.

வண்ணக்குப்பி: ஐயோ வேண்டாம்! ரிமூவர்ல தண்ணி, கிளிசரின் எல்லாம் கலந்திருக்கும், பாலிஷ் திரிஞ்சுடும். ரிமூவர்ல இருக்கிற அசிட்டோன் பட்டா சில ஜிகினாவுல சாயம் இறங்கும், ஓரம் சுருளும். இதுக்குன்னே தின்னர் விக்குது, எதுல கரைச்சு பாலிஷ் செய்யறாங்களோ அதேதான். ரெண்டு மூணு சொட்டு போதும். குலுக்காதீங்க, குமிழி வரும். உள்ளங்கையில வெச்சு உருட்டுங்க.

குட்டிபாட்டில்: எங்க தெருவுல பாதிப் பேர் ரிமூவர்தான் ஊத்தறாங்க. ஒண்ணும் ஆகல.

ஜிகினா_விரல்: சாதா பாலிஷ்தான், லேம்ப் இல்ல. வெந்நீர் இல்ல, எண்ணெயும் இல்ல. அடியில பேஸ் கோட் போடறேன். பால் மாதிரி வெள்ளையா இருக்கும், காய்ஞ்சா தெளிஞ்சிடும்.

மருதாணி_கட்சி: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அது பீல் ஆஃப் பேஸா இருக்கும். வெள்ளைப் பசை சமாசாரம். ரிமூவர் இல்லாம கிளிட்டரை உரிச்செடுக்கத்தான் அது. நாலு பாத்திரம் தேய்ச்சா இளகிடும். பாட்டிலைப் பாருங்க. அதுவேன்னா சாதா பேஸ் கோட் வாங்குங்க. மெல்லிசா ஒரு கோட், மூணு நிமிஷம் விட்டு ஸ்பாஞ்ச்ல ஒத்துங்க, அஞ்சு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. கடைசியா மேல பூசற தெளிவான டாப் கோட் ரெண்டு போடணும். முதல் கோட்டை ஜிகினா மேடு பள்ளமே குடிச்சுடும். நக நுனியிலயும் பிரஷை ஓட்டுங்க.

தேங்காயெண்ணெய்: அப்போ கழட்டறதுதான் பெரும்பாடு. பஞ்சுல அசிட்டோன் நனைச்சு நகத்துல வெச்சு, அலுமினியத் தாளைச் சுத்திப் பத்து நிமிஷம் விடுங்க. அழுத்தி ஒரே இழுப்பா இழுத்தா வந்துடும். சுரண்டினா நகத்தோட மேல்படலமே போயிடும். அடுப்புப் பக்கம் உக்காந்து செய்யாதீங்க, குப்புனு பத்திக்கும்.

பழைய_உறுப்பினர்: பேஸ் என்னவென்று முதலில் கேளுங்கள் என்பதுதான் எப்போதும் என் கருத்து.

வண்ணக்குப்பி: கேட்டது நான். மேல போய்ப் பாருங்க சார்.

ஜிகினா_விரல்: பீல் ஆஃப்னுதான் போட்டிருக்கு. வேற வாங்கிட்டேன். தேங்க்ஸ்.

மருதாணி_கட்சி: சனிக்கிழமை மதியத்துக்குள்ள போட்டுடுங்க. தொட்டா காய்ஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள இறுக பல மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுட்டுப் படுத்தா போர்வைத் தடம் விழும்.

குட்டிபாட்டில்: தின்னர் சின்ன ஊர்ல எங்க கிடைக்கும்? அதையும் சொல்லுங்களேன்.