ஜனவரியில் கிடைத்த வேகம் ஆகஸ்டில் கைவிட்ட கதை: ரீலோடிங் அனுபவங்கள்

சுட்ட தோட்டாவின் கூட்டில் (கேஸ்) புதிதாகப் பிரைமர், பவுடர், புல்லட் போட்டு நாமே மறுபடி நிரப்புவதுதான் ரீலோடிங். தமிழில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இரண்டு வருஷம் பவுடரும் பேரலும் தேயத் தேயக் கற்றதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவட்டும். ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். என் ரைபிள் .308 வின்செஸ்டர், 26 அங்குலப் பேரல் (குழல்), 175 கிரெய்ன் (11 கிராமுக்குச் சற்று மேல்) புல்லட். 600 கஜத்தில் படுத்துச் சுடும் போட்டிகளுக்குப் போவேன்.

தோட்டாவின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் வெடித்ததிலிருந்து புல்லட் வெளியேற ஏறத்தாழ 1.2 மில்லிநொடி ஆகும். அதற்குள்ளேயே பேரல் நடுங்கத் தொடங்கிவிடும், முனை மேலும் கீழும் அசையும். கிறிஸ் லாங் என்ற பொறியாளர் இதில் இன்னொரு கணக்கையும் சேர்த்தார். அழுத்தம் கிளப்பும் அலை எஃகுக்குள் நொடிக்கு ஐந்தரை கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் பின்பக்கத்துக்கும் முனைக்கும் போய்ப் போய்த் திரும்புகிறது. 26 அங்குலத்தைக் கடக்க அதற்கு 0.12 மில்லிநொடி போதும். அலை முனையில் இருக்கும் கணத்தில் துளையின் விட்டம் மிகமிக நுண்ணிய அளவில் மாறும். அலை பின்பக்கம் இருக்கும்போது புல்லட் வெளியேறினால் குறி சிதறாது என்பது அவர் கருத்து. பவுடரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றினால் புல்லட் வெளியேறும் நேரமும் மாறும். நாங்கள் தேடுவது அந்த நேரத்தைத்தான்.

தேடும் வழி பழையது, கிரெய்டன் ஆடெட்டின் ஏணிச் சோதனை. கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து உச்சவரம்புக்குள் படிப்படியாகப் பவுடரைக் கூட்டி, ஒவ்வொன்றையும் தூரத்தில் ஒரே குறியில் சுட வேண்டும். சில படிகள் ஒரே உயரத்தில் விழுந்தால் அதுதான் 'நோடு'. ஜனவரியில், 5 டிகிரிக் குளிரில், 300 கஜத்தில் பத்துப் படி சுட்டேன். ஆறு, ஏழு, எட்டாவது தோட்டாக்கள் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் விழுந்தன. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபிலும் அந்த மூன்றின் வேகம் ஏறத்தாழ ஒன்றே. சந்தோஷம் தாங்கவில்லை. ஏழாவது அளவில் 200 தோட்டா நிரப்பினேன். ஒரு குன்றிமணியின் எடையே கிட்டத்தட்ட 2 கிரெய்ன் வரும். நான் அதில் இருபதில் ஒரு பங்கு பிசகாமல், கடைசித் துகளைச் சாமணத்தால் எடுத்துத் தட்டில் போட்டு நிறுத்தேன்.

ஆகஸ்ட் போட்டியில் வெயில் 38 டிகிரி. முதல் குண்டே நினைத்ததைவிட மேலே போனது. சைட்டை இறக்கினேன். அடுத்தவை மேலும் கீழுமாக, கயிற்றில் கோத்த மாதிரி நெட்டுக்குச் சிதறின. பத்தாவது தோட்டாவுக்குப் பிறகு தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி தூக்க முரண்டு பிடித்தது. வெளியே விழுந்த கேஸைப் பார்த்தேன்: பிரைமரின் ஓரம் தட்டையாகி, கேஸோடு ஒட்டிக் கிடந்தது. அழுத்தம் எல்லை தாண்டியதற்கு அடையாளம். அங்கேயே நிறுத்தினேன். எல்லாரும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒரு பதக்கத்துக்காகக் கண்ணைப் பணயம் வைக்கக் கூடாது. மீதித் தோட்டாக்களை வீட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

நான் போட்டது வெப்பத்துக்கு எளிதில் ஆடும் உருண்டைப் பவுடர். குளிருக்கும் வெயிலுக்கும் இடையில் வேகம் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. அப்படியென்றால் ஜனவரியில் பிடித்த நேரம் எப்போதோ கைநழுவிப் போயிருக்கிறது.

ஆனால் என்னை நிஜமாகவே உலுக்கியது அதற்குப் பின் நடந்ததுதான். அதே ஏணியை, அதே பவுடரில், மூன்று வாரம் அடுத்தடுத்து அதிகாலையில் திரும்பச் சுட்டேன். மூன்று முறையும் 'நோடு' வேறு வேறு படியில் வந்தது! படிக்கு ஒரு குண்டு வைத்துக்கொண்டு, தற்செயலாக அருகில் விழுந்ததை நான் இயற்கை விதி என்று நம்பியிருக்கிறேன். இப்போது வெப்பத்தில் அவ்வளவாக மாறாத வார்கெட் பவுடருக்கு மாறிவிட்டேன். இரண்டே அளவுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 20 குண்டு, இரண்டு வெவ்வேறு நாட்களில் சுட்ட பிறகுதான் முடிவெடுப்பேன். பேரலில் கட்டும் வகைக் குரோனோகிராஃபைக் குறி பார்க்கும்போது கழற்றிவிடுங்கள். அதன் எடையே பேரலின் ஆட்டத்தை மாற்றிவிடும்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கிலாந்தில், பிஸ்லி சுடுதளத்தில் பழைய லீ-என்ஃபீல்டு .303 சுடுகிறேன். பேரல் ஆட்டம் உண்மை என்பதற்கு அந்தத் துப்பாக்கியே சாட்சி. 200 கஜத்தில் எனக்கு நெட்டுக்குச் சிதறும். 900, 1000 கஜத்துக்குப் போனால் அதே துப்பாக்கி, அதே தோட்டா, எதிர்பார்த்ததைவிட நெருக்கமாக விழும். அதன் போல்ட் பின்பக்கம் பூட்டுவதால் சுடும்போது துப்பாக்கியின் உடல் வளைந்து, முனை மேல்நோக்கி எழும்பும். வேகமான குண்டு முன்னதாக, முனை தாழ்ந்திருக்கும்போது வெளியேறுகிறது. மெதுவானது சற்றுப் பிந்தி, முனை கூடுதலாக உயர்ந்தபின் வெளியேறுகிறது. தூரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. மாலக் என்பவர் 1901-லேயே துப்பாக்கிக் குழலின் அதிர்வை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் எழுதினார். ஆகவே விஷயத்தைச் சந்தேகிக்காதீர்கள் அண்ணா, படிக்கு ஒரு குண்டு வைத்த சோதனையை மட்டும் சந்தேகியுங்கள். இன்னொன்று: 100 கஜத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்தத் தூரத்தில் போட்டியோ அங்கேயே சுட்டுப் பாருங்கள்.

*

நான் கோயம்புத்தூர், 50 மீட்டர் .22 சுடுகிறேன். எங்கள் தோட்டாவை நாங்கள் நிரப்ப முடியாது. ஓரத்தில் அடிபடும் ரிம்ஃபயர் வகை, தொழிற்சாலையில்தான் வரும். அதனால் எங்களுக்கு 'லாட்', அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, தான் எல்லாம். ஒரே நிறுவனம், ஒரே விலை, ஆனால் லாட் எண் மாறினால் என் பேரல் வேறு மாதிரிச் சுடும். வசதியுள்ள சீனியர்கள் ஜெர்மனியில் ஷோனபெக்கில் உள்ள லாப்புவா என்ற தோட்டா நிறுவனத்தின் சோதனை மையத்துக்குப் பேரலைக் கொண்டுபோய்ப் பிடியில் பொருத்தி, லாட் லாட்டாகச் சுட்டுத் தேர்ந்து வாங்குவார்கள். எனக்கு அது எட்டாது. நான்கு லாட்டில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, அண்ணன் சொன்ன மாதிரி ஒவ்வொன்றிலும் நாற்பது குண்டு சுட்டு, ஒன்றைப் பிடித்தேன். அதில் இன்னும் ஆறு பெட்டி இருக்கிறது. போட்டிக்கு மட்டும்தான் பிரிப்பேன்.