154 வாக்கு: ஸ்காபரோ-றூஜ் பார்க்கில் 2018இல் நடந்தது என்ன?

மல்வேர்ன்வாசி

2025 செப்ரெம்பர் 29 இடைத்தேர்தலில் நீதன் சண் ஸ்காபரோ-றூஜ் பார்க் (25ஆம் வட்டாரம்) உறுப்பினராக ரொறன்ரோ நகரசபைக்குத் திரும்பினதிலிருந்து ஒரு கதை சுத்துது: "2018இல தமிழாக்கள் ஒற்றுமையா நிக்கேல்லை, அதாலதான் தோத்தவர்." இது பிழையான கதை. 2018 ஒக்ரோபர் 22 கணக்கு: ஜெனிபர் மெக்கெல்வி 11,624, நீதன் சண் 11,470. வித்தியாசம் 154. அந்த 154ஐ உண்டாக்கினது எல்லைக்கோடு.

பழைய 42ஆம் வட்டாரம் வடக்கே, மல்வேர்ன், மோர்னிங்சைட் ஹைட்ஸ் பக்கம். 2017 பெப்ரவரி இடைத்தேர்தலில் 29 பேர் நிண்டும் நீதன் 45 வீதத்துக்கு மேல எடுத்தது அங்கதான். 44ஆம் வட்டாரம் தெற்கே: வெஸ்ட் ஹில், ஹைலண்ட் கிறீக், போர்ட் யூனியன். 47 வட்டாரமாகப் போகவிருந்த நகரசபையை மாகாண அரசு 25 ஆகக் குறைச்சபோது, இந்த இரண்டின் பெரும்பகுதியும் ஒரே வட்டாரமாச்சு. 42 தனிய இருந்திருந்தால் அவர் வெண்டிருப்பார்.

போர்ட்யூனியன்_குடியிருப்பாளர்

எல்லைக்கோடு இரண்டு பேருக்கும் ஒரே கோடுதான். மெக்கெல்வியும் தனக்குப் பழக்கமில்லாத வடக்குப் பகுதியில் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. அவர் 2014இல் 44ஆம் வட்டாரத்தில் றொன் மோசரிடம் தோற்றவர். மோசர் 2017இல் இறந்தபின் அந்த இடத்துக்கு ஆள் நியமிக்கப்பட்டதே தவிரத் தேர்தல் நடக்கவில்லை. ஆக 2018இல் இந்த இருவரில் பதவியில் இருந்தவர் நீதன் சண். பதவியில் இருப்பவருக்கு நகரசபைத் தேர்தலில் உள்ள பலம் உங்களுக்குத் தெரியும்: வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, தெரிந்த பெயரைத்தான் சனம் தேடும். நீதனுக்கு முன் அந்த இடத்தில் இருந்த றேமன்ட் சோ 1991 முதல் 2016 வரை உறுப்பினராக இருந்தது அப்படித்தான். அந்தப் பலத்தோடும் தோற்றதற்கு வேறு காரணம் பாருங்கள்.

மல்வேர்ன்வாசி

சோ அண்ணைக்கு 25 வருசம். நீதனுக்கு 20 மாதம். ரெண்டையும் ஒரே தட்டில வைக்கேலாது.

திகதிகளையும் பாருங்கோ. 2018 ஜூலை 27, வேட்புமனு முடியிற நாள் காலமை, 25 ஆகக் குறைக்கிற அறிவிப்பு. ஓகஸ்ட் 14 சட்டம் நிறைவேறுது. செப்ரெம்பர் 10 நீதிபதி பெலோபாபா அது அரசியலமைப்புக்கு முரண் எண்டு தள்ளுறார். செப்ரெம்பர் 19 மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்குது. தேர்தலுக்கு 33 நாள் இருக்கேக்கைதான் எந்த வட்டாரத்தில கதவு தட்டுறது எண்டு உறுதியாச்சு. வேட்புமனு தொடங்கின மே 1இல இருந்து ஒரு வட்டாரத்துக்கெண்டு அடிச்ச துண்டுப்பிரசுரம், தொண்டர் பட்டியல் எல்லாத்தையும் திரும்பச் செய்யவேணும். தெற்கில ஊர்ச்சங்கத்தை நடத்தின மெக்கெல்விக்கு அது சின்ன வேலை. வடக்கில அடுக்குமாடியும் பேஸ்மென்ட்டுமாக் குடியிருக்கிற சனத்தைப் பிடிக்கிறது பெரிய வேலை.

பட்டியல்_பார்ப்பவர்

நீங்கள் இருவரும் தொடாத இடம் வாக்காளர் பட்டியல். அந்த 154ஐ நான் அங்கேதான் தேடுவேன்.

2018இல் பட்டியல் வந்தது ஆதன மதிப்பீட்டு நிறுவனமான எம்பாக்கிடமிருந்து. அவர்களுடைய வேலை வீட்டுக்கு வரி மதிப்புப் போடுவது. வீட்டு உறுதியில் பெயர் உள்ள வீட்டுக்காரர் தானாகவே பட்டியலில் இருப்பார். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் அங்கே இருப்பதே பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது. வீடு மாறியவரின் பெயர் பழைய விலாசத்திலேயே கிடக்கும், வாக்காளர் தகவல் அட்டையும் அங்கேதான் போகும்.

அட்டை வராதவர் தனக்கு வாக்கில்லை என்று முடிவெடுத்துவிடுகிறார். உண்மையில் பெயரும் ரொறன்ரோ விலாசமும் உள்ள ஓர் ஆவணத்தோடு போனால் வாக்குச்சாவடியிலேயே படிவம் நிரப்பிப் பெயர் சேர்த்து, அப்போதே வாக்களிக்கலாம். அட்டையை மட்டும் கொண்டுபோய் ஆவணம் இல்லாமல் நிற்பவர்தான் திரும்பி வரவேண்டியிருக்கும். அட்டை அடையாள ஆவணம் இல்லை. கனடியக் குடியுரிமை, 18 வயது, நகரில் வசிப்பது அல்லது சொந்தமாகவோ வாடகைக்கோ ஆதனம் வைத்திருப்பது, இவ்வளவும் போதும். பீ.ஆர் (நிரந்தர வதிவிட உரிமை) மட்டும் வைத்திருப்பவருக்கு வாக்கு இல்லை. மல்வேர்ன் சனத்தொகையைப் பார்த்து வாக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

போர்ட்யூனியன்_குடியிருப்பாளர்

பட்டியல் குறை உண்மை. ஆனால் அது எல்லாத் தேர்தலிலும் இருந்த குறை. 2017இல் நீதன் வென்றதும் அதே எம்பாக் பட்டியலில்தானே? ஒரே காரணம் வெற்றிக்கும் தோல்விக்கும் பொருந்தாது.

பட்டியல்_பார்ப்பவர்

பொருந்தும். 2017இல் போட்டி ஒரே மாதிரியான வட்டாரத்துக்குள் நடந்தது. பட்டியல் ஓட்டை எல்லா வேட்பாளரையும் ஏறக்குறைய ஒரே அளவில் பாதிக்கும். 2018இல் சொந்தவீட்டுக்காரர் கூடிய தெற்கையும் வாடகைக்காரர் கூடிய வடக்கையும் ஒரே தராசில் வைத்தார்கள். அப்போது அதே ஓட்டை ஒரு பக்கத்தை மட்டும் இழுக்கும். எல்லைக்கோடும் பட்டியலும் சேர்ந்துதான் வேலை செய்தன என்பது என் முடிவு.

தாரணி_மோர்னிங்சைட்

"தமிழ் வாக்கு" என்று ஒரு பெட்டி இருப்பதுபோலப் பேசுவதை முதலில் விடுங்கள். 2016 செப்ரெம்பரில் ஸ்காபரோ-றூஜ் றிவர் மாகாண இடைத்தேர்தலில் லிபரலுக்குப் பிரகல் திரு, என்டிபிக்கு நீதன் சண். வென்றது கன்சர்வேற்றிவ் றேமன்ட் சோ. 2025இல் நீதனுக்கு அடுத்ததாக வந்தவர் கல்விச்சபை உறுப்பினராக இருந்த அனு ஸ்ரீஸ்கந்தராஜா. இரண்டு தமிழர் மோதியும் ஒருவர் வென்றார், ஏனென்றால் மெக்கெல்வி மத்திய நாடாளுமன்ற உறுப்பினராகி ஒட்டாவாவுக்குப் போய்விட்டார், தெற்கின் வாக்கை ஒரே ஆளாகத் திரட்ட யாரும் இல்லை. நீதன் வென்றது நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலான வாக்கோடு. 2018இல் அவர் எடுத்தது 39.55 வீதம். 40 வீதத்தோடு தோற்று 27 வீதத்தோடு வெல்வதை "ஒற்றுமை" என்று எப்படிச் சொல்வது? விருப்புவரிசை வாக்கு (வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது) இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

போர்ட்யூனியன்_குடியிருப்பாளர்

ஒற்றுமை விசயத்தில் தாரணியோடு உடன்படுகிறேன். விருப்புவரிசையில் இல்லை. 2018இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரம் அதைச் செய்தது. 2020இல் மாகாண அரசு அந்த வாய்ப்பையே எடுத்துவிட்டது. இருந்திருந்தாலும் 2018இல் மற்ற வேட்பாளர்களுக்குப் போன ஐந்தில் ஒரு பங்கு வாக்கு யாருக்குத் திரும்பியிருக்கும்? அதை நீங்கள் நீதனுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

மல்வேர்ன்வாசி

மெக்கெல்விக்கும் எழுதிக் குடுக்கேலாது. 29 ஆயிரம் வாக்கில 154 எண்டால் அரை வீதம். சமனா வந்தால்தான் தானாக மறு எண்ணிக்கை, இல்லாட்டி நகரசபைத் தீர்மானமோ நீதிமன்றக் கட்டளையோ வேணும்.

பட்டியல்_பார்ப்பவர்

வாதத்தை முன்னுக்குக் கொண்டுபோக வழி உண்டு. நகரின் திறந்த தரவுத் தளத்தில் வாக்குச்சாவடி வாரியான முடிவு எக்ஸெல் கோப்பாக இருக்கிறது. 2018 கோப்பை எடுத்து 25ஆம் வட்டாரத்தின் உட்பிரிவுகளை (வாக்குச்சாவடிப் பகுதிகளை) 401 நெடுஞ்சாலைக்கு வடக்கு, தெற்கு என்று பிரியுங்கள். வாக்காளர் புள்ளிவிபரக் கோப்பில் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் பதிந்தவர் எத்தனை, வாக்களித்தவர் எத்தனை, அன்றே சேர்க்கப்பட்டவர் எத்தனை என்று பாருங்கள். சேர்க்கப்பட்டவர் கூடிய உட்பிரிவுகளில் பட்டியல் ஓட்டை பெரிது. அங்கே வாக்களிப்பு வீதமும் குறைவாக இருந்தால் என் பக்கம் நிற்கும். வீதம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து வாக்கு மட்டும் பிரிந்திருந்தால் மல்வேர்ன்வாசியின் எல்லைக்கோடு நிற்கும். உட்பிரிவு எண்ணிலிருந்து இனத்தைக் கணிக்க வேண்டாம். மல்வேர்னில் தமிழரோடு கரிபியனும் பிலிப்பினோவும் ஒரே கட்டிடத்தில் இருக்கிறார்கள்.

தாரணி_மோர்னிங்சைட்

2024இலிருந்து பட்டியல் மாகாணத் தேர்தல் அமைப்பான இலெக்சன்ஸ் ஒன்ராறியோவின் கையில். அடுத்த நகரசபைப் பொதுத்தேர்தல் 2026 ஒக்ரோபர் 26. மாகாணப் பதிவேட்டில் பெயரும் விலாசமும் சரியா என்று இணையத்தில் இப்போதே பார்க்கலாம். நான் வடக்கு உட்பிரிவுகளை எடுக்கிறேன். தெற்கை யார் எடுக்கிறீர்கள்?

போர்ட்யூனியன்_குடியிருப்பாளர்

தெற்கு என்னிடம். முன்வாக்களிப்பைத் தனி வரிசையில் போடுங்கள், சேர்த்தால் வீதம் குழம்பும்.